ஜெயப்ரியாவின் மஞ்சள் சுடர்

கிளிஞ்சல்மேட்டு ஜெயப்ரியா போன ஆண்டு வேதியியல் செய்முறைத் தேர்வில் தவறியவள். இந்த முறையும் தவறினால் பட்டம் கிடையாது, அம்மா சாரதாம்பாளோடு கருவாடு போட உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது.

தேர்வன்று காலையில் அண்ணனின் பைபர் படகு நிறைய வாளை மீனோடு கரை சேர்ந்தது.

"ரெண்டு கூடைக்கு மட்டும் உப்பு போட்டுட்டுப் போடி. பரீட்ச எங்க ஓடிடப் போவுது?" என்றாள் அம்மா.

போட்டாள். கையைத் துப்பட்டாவில் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அப்படியே ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தாள்.

தேர்வுக் கூடத்தில், கொடுத்த உப்பில் இருப்பது எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் முக்கி, அலசித் துடைத்து, உப்பைத் தொட்டு பர்னர் சுடரில் காட்டினாள். பளிச்சென்று மஞ்சள். மஞ்சள் என்றால் சோடியம். விடைத்தாளில் எழுதியும்விட்டாள்.

பிறகுதான் சந்தேகம் வந்தது. உப்பைத் தொடாமல் வெறும் கம்பியைக் காட்டினாள். அதுவும் மஞ்சள்.

மறுபடி அமிலம், மறுபடி அலசல், மறுபடி துடைப்பு. மஞ்சள் போகவில்லை. பக்கத்து மேசை சந்திரலேகா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, அடுப்ப விட்டு நகர மாட்டேங்குற. மீனா வறுக்குற?"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கல்யாணசுந்தரி கடிகாரத்தைப் பார்த்தார். "முடிச்சவங்க பேப்பர வைங்க."

ஜெயப்ரியா கம்பியைத் துடைக்கப் போனாள். கை பாதியில் நின்றது. துப்பட்டாவின் முனை. காலையில் உப்புக் கையைத் துடைத்த அதே முனை.

இந்த முறை துடைக்கவில்லை. அமிலத்தில் முக்கி முக்கிச் சுடரிலேயே காய்ச்சினாள். மஞ்சள் மெல்ல மங்கி மறைந்தது. தட்டில் மிச்சமிருந்த உப்பு ஒரு தடவைக்குத்தான் வரும். தொட்டுக் காட்டினாள். சுடரின் ஓரத்தில் வெளிர் ஊதா எழுந்து, உடனே அடங்கியது. பொட்டாசியம்.

சோடியத்தை அடித்துவிட்டு எழுதும்போது கல்யாணசுந்தரி பின்னால் வந்து நின்றார்.

"யாரப் பாத்து மாத்துற?"

"யாரையும் பாக்கலங்க மேடம். கருவாட்டுக்கு உப்பு போட்டுட்டு வந்தேன். துப்பட்டால ஒட்டியிருந்துருக்கு. கம்பிய அதுலதான் தொடச்சேன்."

"காட்டு."

காய்ச்சிய கம்பியைச் சுடரில் பிடித்தாள். நிறமில்லை. ஆறியதும் நனைத்து, துப்பட்டா முனையில் துடைத்து மறுபடி பிடித்தாள். குப்பென்று மஞ்சள்.

கல்யாணசுந்தரி பொட்டாசியத்துக்கு நேரே சரி போட்டு, அடித்த இடத்தில் கையெழுத்திட்டார்.

"அடுத்த தடவ அந்தத் துப்பட்டாவ வாசல்ல விட்டுட்டு வாம்மா."

"சரிங்க மேடம்" என்றாள். துப்பட்டா முனையைச் சுருட்டிக் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.