பூத்துவான் கரையின் சிலுவை

தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மன்னார், யாழ்ப்பாணத்து ஆட்கள். மற்றவர்களில் கனபேர் பிலிப்பைன்ஸ்காரர். எர்லிண்டா, எங்களுக்கு லிண்டா ஆன்ரி, என் அம்மாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். மிண்டனாவோ தீவின் வடகரையில் இருக்கும் பூத்துவான் என்ற ஊரிலிருந்து 2002இல் வந்தார். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மரச்சிலுவையைத் தொட்டுவிட்டு மூடுவார். அவர் புறப்பட்ட வாரம், கரையில் ஒதுங்கிய கட்டையில் அவருடைய அப்பா செதுக்கிக் கொடுத்தது.

2021இல், ஸ்பானிய அரசனின் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்து அங்கே முதல் கத்தோலிக்கப் பூசை நடந்து ஐந்நூறு வருடமானது. உயிர்த்த ஞாயிறன்று கோயில் வாசலில் வரைபடப் பலகை ஒன்று வைக்க ஏற்பாடு. அவரவர் ஊரில் அவரவர் ஊசி குத்தவேண்டும். முதல் பூசை நடந்த இடத்தில் ஒரு சிலுவை ஒட்டவேண்டும். பொறுப்பு மேர்வினுக்கு. அவரும் பிலிப்பைன்ஸ்காரர், லெய்ட்டே மாகாணம். லிண்டா ஆன்ரியை 'ஆத்தே' என்பார். அவர்களுக்கு அது அக்கா. எங்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஆத்தே, உங்கட சிலுவையைத் தாங்கோவன். கடையில பிளாஸ்டிக்தான் கிடக்கு. நீங்களே ஒட்டுங்கோ."

"தாறன்," என்றார் ஆன்ரி. எந்த இடத்தில் என்று கேட்க மறந்துவிட்டார்.

அந்த இடம்தான் சண்டை. கப்பலில் வந்த ஒருவர் தன் குறிப்பில் மசாவா என்று ஒரு தீவை எழுதியிருக்கிறார். அது லெய்ட்டேவுக்குத் தெற்கே இருக்கும் லிமசாவா என்கிறது அரசு. இல்லை, எங்கள் ஆறு கடலில் விழும் இடம் என்கிறார்கள் பூத்துவான்காரர். 1872இல் நாட்டிய தூண் ஒன்றையும் காட்டுவார்கள். அதில் பொறித்த நாள் பிழை என்பதை மெதுவாகச் சொல்வார்கள். ஆணைக்குழுக்கள் கூடும்போதெல்லாம் பூத்துவான் தோற்றது, கடைசியாக 2020இல். ஆன்ரியின் அப்பா ஒவ்வொரு முறையும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர். இப்போது எண்பத்தெட்டு வயது. பத்து வருடமாக ஆன்ரி அவரைப் பார்க்கவில்லை. அந்த வருடம் போகவும் ஏலாது. கொரோனா வழியை அடைத்துவிட்டது.

கோயிலின் அறிவித்தல் தாளை ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சு செய்வது நான். ஆன்ரி அதை வாங்கிப் பார்த்தார்.

"தமிழிலயும் லிமசாவா எண்டுதானோ போட்டிருக்கிறாய்?"

"ஓம் ஆன்ரி."

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்பா அண்டைக்கு போனில பாப்பார். அவற்ற சிலுவையை அவரைத் தோற்கடிச்ச தீவில நான் எப்பிடி ஒட்டுறது?"

ஞாயிறு பூசை முடிந்து, முகக்கவசத்தோடு எல்லோரும் தள்ளித் தள்ளி நின்றோம். ஆன்ரியின் இடக்கையில் போன். அதில் அவருடைய அப்பா, மிக அருகில், நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும். வலக்கையில் பசை தடவிய சிலுவை.

"யோசிக்காதேங்கோ ஆத்தே," என்றார் மேர்வின். "லண்டனில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே தூரம்."

"எனக்கு இல்லை," என்றவர் சிலுவையைப் பூத்துவானில் ஒட்டினார்.

"அது பிழையான இடம்."

"தெரியும். பூசை உங்கட தீவில நடந்ததாவே இருக்கட்டும், நான் வழக்காட வரேல்ல. இந்தச் சிலுவை வந்தது இங்கயிருந்து. லிமசாவாவுக்கு உங்கட பிளாஸ்டிக்கை ஒட்டுங்கோ."

மேர்வின் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டு, சிவப்புப் பேனையால் லிமசாவாவில் ஒரு சிலுவை கீறினார்.

ஆன்ரி போனைப் பலகைப் பக்கம் திருப்பினார். அப்பா நெடுநேரம் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு விளங்காது. ஆன்ரி பசை காயுமுன் சிலுவையை நக அளவு மேலே நகர்த்தினார்.

"ஆத்து வாய் இன்னும் கொஞ்சம் வடக்காலயாம்," என்றார் என்னிடம்.

பிறகு அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்து கமராவுக்கு நேரே நீட்டினார். அவர்கள் வழக்கத்தில் பெரியவரின் புறங்கையை நெற்றியில் வைத்துத்தான் ஆசி வாங்குவார்கள். ஆன்ரி குனிந்து, போனின் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். எடுக்க நேரமானது.

மறு வாரம் பலகையைக் களஞ்சிய அறைக்குத் தூக்கும்போது, சிலுவையைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ஊருக்கு ரிக்கற் எடுக்கிற அண்டைக்குக் கழட்டுவம்."

பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆன்ரி இப்போதும் கைப்பையைத் திறந்து, கையை விட்டு, மூடுகிறார்.