கலஹாவுக்கு ஒரு பாஸ்கா திரி

பெரிய சனிக்கிழமை, காலை 10.40

கொழும்பு ரயில் கண்டிக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தது. வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தவனுக்குக் கண்டியின் அழகைப் பற்றி எழுத மனம் வராது. வாவியைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு யாருடைய கட்டுரையையாவது படித்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவைக் கையோடு கொழும்புக்கு அழைத்துப் போவது. இன்னொன்று, அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் பாஸ்கா திரி கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதல் வேலையை நானாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை அக்கா என் தலையில் கட்டினாள்.

பாஸ்கா திரி என்பது பெரிய மெழுகுதிரி. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின இருட்டில் அதை ஏற்றி, ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாகக் கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். அந்தந்த வருடத்தின் இலக்கங்கள் அதில் பதிந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டும். தோட்டத்தார் சொல்லிவைத்திருந்த திரி கண்டியில் ஒரு முஸ்லிம் கடையில் தயாராக இருந்தது. விலை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், நீளம் மூன்றரை அடி, கனம் ஒரு கைக்குழந்தை அளவு.

"வெயில்ல வெச்சிராதீங்க, வளைஞ்சிரும்" என்றார் கடைக்கார நானா. வெளியே அனல் பறந்தது.

முற்பகல் 11.50

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டதால் கலஹா பஸ்ஸில் ஆட்களைவிடச் சாமான்கள்தான் அதிகம். திரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். டிக்கட் நூற்று நாற்பது ரூபாய். கண்டக்டர் திரியைப் பார்த்துவிட்டு இரண்டு டிக்கட் கிழித்தார்.

"இதுக்கும் டிக்கட் என்றால் சீட் எங்கே?" என்று கேட்டேன்.

"உங்களுக்கே சீட் இல்லையே, மாத்தயா" என்றார்.

கலஹாவுக்கு இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பேராதனையில் பல்கலைக்கழகத்தின் பெரிய மரங்களைத் தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வளைவுகள் தொடங்கின. ஒரு வளைவில், யாரோ புத்தாண்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் நான்கும் ஒன்றாக என்மேல் சரிந்தன. படக்கென்று ஒரு சத்தம். திரி சரிபாதியில் ஒடிந்து, உள்ளிருந்த நூலில் தொங்கியது. கதிரைக்காரர் தன் கதிரைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று தடவிப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பிற்பகல் 1.20

கலஹா டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர். ஓட்டோக்காரர் தொள்ளாயிரம் கேட்டார்.

"ஐந்து கிலோமீற்றர் ரோட்டுக்குத் தொள்ளாயிரமா?"

"ரோட்டுக்கு இல்லீங்க. ரோடு இல்லாததுக்குத்தான் காசு."

அவர் சொன்னது உண்மை. கடைசி வளைவில் பச்சை மலை உச்சியிலிருந்து அடிவரை சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. போன கார்த்திகை மழையில் சரிந்த மண் அது. அன்றைக்கு மலை முறுகும் சத்தத்தை முதலில் கேட்டவள் அக்காதான். கோயில் மணியை ஓடிப்போய் அடித்தாள். கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்த அத்தனை குடும்பங்களும் வெளியே ஓடிவந்தன. அக்காவின் கணவரான அத்தான் மட்டும், படுக்கையிலிருந்த பக்கத்துக் காம்பராக் கிழவரைத் தூக்கிவரத் திரும்பிப் போனார். இருவரையும் மூன்றாம் நாள் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அக்கா எனக்கு ஃபோன் செய்கிறாள். "பயமா இருக்குடா, விடியுமா?" என்பாள். "அப்படியானால் இங்கே வா" என்பேன். "வரமாட்டேன்" என்பாள். ஐந்து மாதமாக இதே பேச்சு. கொழும்பில் தூறல் விழுந்தாலே ஃபோனைக் கையில் எடுத்துவிடுகிறேன்.

பிற்பகல் 2.00

மேல் லயத்தில் அக்காவின் காம்பராவுக்குள் நுழைந்ததும் கதவருகே கட்டிவைத்த பையைக் கண்டேன். ஒருவழியாக மனம் மாறிவிட்டாளே என்று மகிழ்ந்து போனேன்.

"எல்லாம் எடுத்துக்கிட்டியாக்கா? நாளைக்குப் பகல் ரயிலில் போய்விடலாம்."

"அது மழைப் பை. மழை வந்தா தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடுறதுக்கு. கொழும்புக்கு யாரு வர்றா?"

பிறகு திரியைப் பிரித்துப் பார்த்தாள். கத்து கத்தென்று கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியை அடுப்பில் காய்ச்சி, ஒடிந்த இரண்டு முகங்களிலும் தேய்த்து, உருகிய சூட்டோடு ஒன்றின்மேல் ஒன்றை அழுத்திப் பிடித்தாள். ஒட்டிக்கொண்டது. நடுவில் மட்டும் புடைத்த வடு ஒன்று தெரிந்தது.

"பூசைக்கு வருகிற சாமி ஏதாவது சொல்லப் போகிறார்" என்றேன்.

"ஆண்டவரே காயத்தோடதான்டா எந்திரிச்சாரு. திரிக்கு என்னவாம்?"

இப்படிப் பதில் சொல்கிறவளிடம் எதைப் பேசி வெல்வது? ஆனாலும் விடவில்லை. இந்தச் சரிவும் ஆபத்தானது என்று மண்ணைச் சோதித்தவர்களே சொல்லியிருக்கிறார்களே, வேறு வீடு வரும் வரையாவது என்னோடு வந்து இரு என்று கெஞ்சினேன்.

"மழ வந்தா மணிய யாருடா அடிப்பா? மத்தவங்கல்லாம் அசந்து தூங்குவாங்க. பயந்தவளுக்குத்தான் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

மாலை 6.30

சாமிக்கு அன்று பூசை வைக்க மூன்று தோட்டங்கள், எங்களுடையது முதலாவது. கோயில் முற்றத்தில் நெருப்பு மூட்டி, திரியை ஏற்றி, "தம்பி உயரமா இருக்காரு" என்று அதை என் கையிலேயே கொடுத்தார்கள். காலையிலிருந்து நான் சுமந்தது போதாதாம்.

இரண்டாவது வாசகம் முடியும்போது கோயில் கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. அக்கா அண்ணாந்து பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். மணி அடித்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. குழந்தைகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஸ்கூலை நோக்கி முந்நூறு மீற்றர் மேலே ஏறினார்கள். முன்னால் நான் திரியோடு போனேன். பூசைக்கு உதவும் உபதேசியார் எனக்கல்ல, திரிக்குக் குடை பிடித்தார். காற்றில் அது இரண்டு தடவை அணைந்தது. அதிலிருந்து தாங்கள் ஏற்றிக்கொண்ட சிறு திரிகளைக் கையால் மறைத்து வந்தவர்கள், இரண்டு தடவையும் அதை மறுபடி ஏற்றினார்கள்.

ஸ்கூல் மேசைகளுக்கு நடுவே பூசை தொடர்ந்தது. விசுவாசத்தைப் புதுப்பிக்கும் இடம் வந்தது. பாடுபட்டு அடக்கம் செய்யப்பட்டு மூன்றாம் நாள் உயிர்த்தவரை நம்புகிறீர்களா என்று சாமி கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தானை எடுத்த நாளிலிருந்து, மூன்றாம் நாள் என்ற அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டாலே எனக்கு அப்படித்தான். பக்கத்தில் அக்கா, "நம்புகிறேன்" என்றாள். மழைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்தான் கேட்டது.

பூசை முடிந்து சாமி அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பியதும், பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அதை எப்படிக்கா உன்னால் சொல்ல முடிகிறது?"

"மொதல்ல எனக்கும் வாய்ல வரல. அப்புறம் நெனச்சேன், அத்தான எடுத்த அந்த மூணாம் நாளோட எல்லாம் முடிஞ்சுருச்சுன்னா நான் எதுக்கு இந்த மணிய அடிக்கணும்? அதோட முடியலடா. அவரையும் ஆண்டவரு எழுப்புவாரு." மேசைகளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "பயம் போயிருச்சான்னு மட்டும் கேக்காத. போகல. நான் பயந்துக்கிட்டேதான் நம்புறேன்."

பயம் போனால்தான் நம்பிக்கை வரும் என்று நான் இத்தனை காலம் காத்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

உயிர்த்த ஞாயிறு, காலை 8.15

மழை விட்டிருந்தது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. தனியாகத்தான் புறப்பட்டேன். என் பையில் ரொட்டியும் சம்பலும் திணித்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"கண்டியில எறங்கி, அடுத்த வருஷத் திரிக்கு இப்பவே சொல்லி வச்சுட்டுப் போ. நீதான் கொண்டாரணும். இந்தத் தடவை ஒடைக்காம."

ஒவ்வொரு மழையிலும், விடியுமா என்று என்னைக் கேட்கிறவள் பேசுகிற பேச்சா இது! எரிச்சலோடு தலையாட்டினேன். ஓட்டோ முதல் வளைவு திரும்பும்வரை கண்ணைத் துடைக்கவும் இல்லை, அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

புத்தாண்டு வியாபாரத்துக்காகக் கண்டிக் கடை ஞாயிறும் திறந்திருந்தது.

"ஒடையாமப் போய்ச் சேந்திச்சா?" என்று கேட்டார் நானா.

"உடைந்தது. எரிந்தது" என்றேன். "அடுத்த வருடத்துக்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்."

"அதுக்கு இன்னம் ஒரு வருஷம் ஈக்குதே?"

"எழுதுங்க நானா."

சிரித்துக்கொண்டே கொப்பியைத் திறந்து, யார் பெயரில் என்று கேட்டார். அக்காவின் பெயரைச் சொன்னேன்.