அவள் பேரைச் சொல்லி வாங்கிய லீவு

துணிக் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘ஓவர்லாக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் தலை நிமிராது. வாய் மட்டும் ஓயாது. அவள் அடிக்கும் கிண்டலுக்கு சூப்பர்வைசரே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார்.

அவள் கணவர் இரும்பு கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். போன வருஷம் தகரம் கீறி அவர் முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கியது. தோலுக்குள் கிருமி இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்ல, அன்றைக்கே அட்மிட் ஆனார். அவர் வீடு திரும்பும்வரை அவள் கட்டிலுக்குக் கீழே போர்வையை விரித்துப் படுத்தாள். ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் மனைவியோ அம்மாவோ அக்காவோ இருந்தார்கள். அவர்களோடு அரட்டை அடித்தே பொழுதை ஓட்டினாள்.

இந்த வருஷம் அவளுக்கே வந்தது. குதிகால் வெடிப்பில் ஆரம்பித்தது. களிம்பைத் தடவி, சாக்ஸை மாட்டிக்கொண்டு, கையிலிருக்கும் ஆர்டர் முடியட்டும் என்று பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறி, குளிர்ஜுரத்தில் உடம்பு தூக்கிப்போட்ட பிறகு, கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

லேடி டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். “இதே வியாதிக்கு மாடியில ஆம்பளைங்க வார்டு நிரம்பி வழியுது. இங்க பாதிக் கட்டில் காலி. உங்களுக்கெல்லாம் வராதுன்னு இல்லம்மா. நடக்க முடியாம போனாத்தான் வர்றீங்க.”

“நடக்க முடிஞ்சா எதுக்கு டாக்டர் வரணும்?”

டாக்டர் சிரிக்கவில்லை.

இங்கே கட்டில்களுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. கணவர் போனில்தான் வந்தார். “பட்டறையில லீவே தரமாட்டேங்கறாங்க. நீ தைரியசாலி, சமாளிச்சுக்குவே.” பாவம், வேலைக்கும் போய்க்கொண்டு தனியாக என்னத்தைச் சமைத்துச் சாப்பிடுகிறாரோ என்று அவள் உருகினாள்.

பக்கத்துக் கட்டிலில் கை வீங்கிப் படுத்திருந்தவர் ஒரு டீச்சர். ஒரு சாயங்காலம் அவரைப் பார்க்க அவர் தம்பி வந்தார். பார்த்தால், கணவர் வேலை செய்யும் பட்டறையின் ஃபோர்மேன்.

“நம்ம வெல்டர் சம்சாரம்தானேம்மா நீ? எங்க அவன்?”

“வேலையிலதானேண்ணே இருப்பாரு?”

“வேலையிலயா? பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா, நான்தான் கூட இருக்கணும்னு கண்ணு கலங்கி நின்னானே! குணமாகற வரைக்கும் வராதடான்னு நான்தானே அனுப்பி வெச்சேன்.”

“ஆமாண்ணே, மறந்தே போச்சு. ஜுரம் பாருங்க. டீ வாங்கக் கீழ போயிருக்காரு” என்றாள். ஃபோர்மேன் போன பிறகுதான் கண்ணீர் வந்தது. கணவர் மானத்தைக் காப்பாற்ற, தன் வாய் தன்னைக் கேட்காமலே பொய் சொன்னதை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் கணவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிட்டு ஓடி வரேன்.”

“உங்க ஃபோர்மேன் வந்திருந்தாரு.”

அவர் முகம் செத்துப்போனது. “கிளப்புல கேரம் போட்டி... பைனல் வரைக்கும் வந்துட்டேன். இங்கதான் நர்ஸெல்லாம் இருக்காங்களே!”

“உங்க கால் வீங்கினப்பவும் நர்ஸ் இருந்தாங்க.”

“அது வேற, இது வேற” என்றார். பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். மாமியார் போனில் சத்தம் போட்டார்: “ஆம்பள நாலு கேம் ஆடினதுக்கா குடும்பத்தை விட்டுட்டு உக்காந்திருக்கே?” தங்கையும் மெதுவாகக் கேட்டாள், “அவ்வளவுதானாக்கா?”

கேரம் ஆடினது இல்லை, அவள் காய்ச்சலைக் காட்டி ஃபோர்மேனிடம் அழுது லீவு வாங்கிவிட்டு, அவளையே ஏமாற்றினார் என்பதை எப்படிச் சொல்வது? தங்கைக்காவது புரியும் என்று நம்பியிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்து, புண்ணில் இருந்த பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். கணவர் வீட்டுக்கு அவள் இன்னும் போகவில்லை.