சதுரங்கப்பட்டினத்தில் வீடு வாங்கப் போனது

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நானும் நைனாவும் மயிலாப்பூரிலிருந்து தோணி ஏறிச் சதுரங்கப்பட்டினம் போனோம். வீடு வாங்க. கோட்டை பார்க்கவும் கடற்கரை பார்க்கவும் அந்த வழியே போக நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று நேரம், கட்டணம், தூரம் மூன்றையும் குறித்து வைத்தேன். மற்றவற்றைக் குறிக்கத் தேவைப்படவில்லை.

நைனா முப்பத்திரண்டு வருஷம் ஒரு துரைத்தன ஆபீஸில் நகல் எழுதினவர். தை மாதத்தோடு ஓய்வு. அதுவரை ஒன்பது வாடகை வீடுகள். தேனாம்பேட்டையில் இரண்டு, திருவல்லிக்கேணியில் மூன்று, மற்றவை மயிலாப்பூரில். வீடு என்கிறேன்; எல்லாமே இரண்டு அறையும் பொதுக் கிணறும்தான். ஏழாவது வீட்டில் அம்மா இறந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து, காரியத்தை வேறெங்காவது வைத்துக்கொள்ளச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து நைனாவுக்கு ஒரே பேச்சு. “என்னை எடுக்கிறப்போ என் வாசல்லேர்ந்து எடுக்கணும்டா. இன்னொருத்தனைக் கேட்டுக்கிட்டு சாக முடியாது.”

முதலில் தியாகராய நகரில் மனை பார்த்தோம். ஏரியாக இருந்த இடம். அகலமான தெருக்கள், குட்டை மரங்கள். மண்ணின் விலையைக் கேட்டதும் நைனா நன்றி சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். அடையாற்றுப் பக்கம் விசாரிக்கவே இல்லை.

அப்போதுதான் கனி சாயபு சொன்னார். திருவல்லிக்கேணியில் புத்தகம் கட்டுகிறவர். என் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் அவர் தைத்தவை. அவருடைய தாயார் வீடு சதுரங்கப்பட்டினத்தில் பூட்டிக் கிடக்கிறதாம். ஒல்லாந்தர் இருந்த ஊர். ஒல்லாந்தர் கட்டின வீடு. விலை அறுநூற்றைம்பது ரூபாய். நைனாவின் கையில் இருந்ததற்குள் அடங்கியது. நாங்கள் கேட்டதில் அடங்கிய முதல் விலை அது.

தோணியைப் பற்றி. தெற்கேயிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாக மயிலாப்பூர் விறகுத் தொட்டிகளுக்கு வருகிற தோணிகள், திரும்பும்போது பாதி காலியாகப் போகும். ஆள் ஏற்றிக்கொள்வார்கள். தலைக்கு ஆறணா. படுக்கவும் இடம் உண்டு. பட்டைத் தூள் உடம்பெல்லாம் ஒட்டும். வெள்ளை வேட்டி வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம்; வீட்டைக் காட்டக் கனி சாயபும் கூட வந்தார். ஒருவன் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடக்கிறான். தோணிக்காரன் ஏழுமலை பின்னால் நின்று கழி ஊன்றுகிறான். நடக்கிறவனின் வேகம்தான் நம் வேகம். அடையாற்று மதகில் நாற்பது நிமிஷம் நின்றோம். தண்ணீர் மட்டம் சரியாக வேண்டும் என்றார்கள். யாரும் அவசரப்படவில்லை.

“எத்தினி மைல்?” என்று நைனா கேட்டார்.

“நாப்பத்திரண்டுன்னு சொல்லிக்கினு கீறாங்கோ, மொதலியாரே. நான் இன்னா, அளந்தா பார்த்தேன்?” என்றான் ஏழுமலை. “வூடு வாங்கவா போறீங்கோ? அந்த ஊர்லயா? அங்க கீறவனே வுட்டுட்டு மெட்ராஸுக்கு ஓடியாறான்.”

“நீ கழியைப் பார்த்து ஊன்றா” என்றார் கனி சாயபு. “யாவாரத்தைக் கெடுக்கறதுக்குன்னே வாயைத் திறக்கறான்.”

பாலவாக்கம் தாண்டும்போது பொழுது சாய்ந்தது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் மணல். அப்புறம் மணல். நான் ஒரு புத்தகம் கொண்டு போயிருந்தேன், திறக்கவில்லை. படித்த படிப்பெல்லாம் இரண்டு வருஷமாக இப்படித்தான் மடியில் கிடக்கிறது. பி.ஏ. தேறினவனுக்குப் பட்டணத்தில் இரண்டு டியூஷன் கிடைக்கிறது. எனக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்றும் இல்லை. நைனா போகச் சொன்னார், போனேன்.

காலை பதினொன்றரை மணிக்குச் சதுரங்கப்பட்டினம். இருபதரை மணி நேரம். முதுகு என்னுடையதாக இல்லை.

கோட்டையை முதலில் பார்த்துவிடுங்கள்; கால்வாய்த் துறையிலிருந்து கிழக்கே நடக்கிற தூரம். மதில் பல இடங்களில் சரிந்திருக்கிறது. செங்கல் சிறியது, நம் செங்கல்லைவிட ஒடுக்கம். உள்ளே கல்லறைகள். கல்லில் எழுத்து நேர்த்தியாகச் செதுக்கியிருக்கிறது. கப்பல், மண்டையோடு, இலைகள். எழுத்து புரியவில்லை. வருஷக் கணக்கு மட்டும் புரிந்தது. பலர் என் வயதுகூட வாழவில்லை.

வீடு கோட்டைக்குப் பின் சந்தில். அதே ஒடுக்கமான செங்கல். ஒல்லாந்தர் கட்டினார்களா, அவர்கள் போனபின் கோட்டையைப் பெயர்த்து யாராவது கட்டினார்களா, தெரியாது. சாயபுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஒன்றரை முழ அகலச் சுவர். உயரத்தில் ஜன்னல். ஒரு பெரிய கூடம், இரண்டு சிறிய அறைகள், பின்னால் கிணறு. கிணற்று நீரை நைனா வாயில் விட்டுக் கொப்பளித்தார். விழுங்கினார். தலையசைத்தார்.

பிறகு பையிலிருந்து நாடாவையும் மனையடி சாஸ்திரப் புத்தகத்தையும் எடுத்தார்.

அறை இத்தனை அடி நீளம் என்றால் இன்ன பலன் என்கிற சாஸ்திரம். நம்மில் பாதிப்பேர் நம்புகிறோம், மீதிப்பேர் நம்பாமல் அளந்து பார்க்கிறோம். கூடத்தின் நீளம் பதினெட்டு அடி. பதினெட்டு ஆகாது. உள்ளதும் போகும்.

“இன்னா மொதலியாரே” என்றார் சாயபு. “கட்னவன் ஒல்லாந்தான். அவன் உன் பொஸ்தகத்தைப் படிச்சுட்டா கல்லு வச்சான்?”

“அதான் போய்ச் சேர்ந்துட்டான். கோட்டைக்குள்ள வரிசையாப் படுத்துக் கிடக்கறானே, பார்த்தேன்.”

சாயபு சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. நாடாவைச் சுருட்டினார். நாடாவில் இருப்பது வெள்ளைக்காரன் அடி. சாஸ்திரத்தில் சொன்னது குடும்பத் தலைவனின் காலடி என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

சுவரில் குதிகாலை ஒட்டி வைத்தார். அந்தப் பாதத்தின் விரல்நுனியில் அடுத்த குதிகால். ஒரு கை சுவரில். அறுபதை நெருங்கும் மனிதர், குறுகின பாதம், ஒவ்வோர் அடிக்கும் உடம்பு கொஞ்சம் ஆடுகிறது. வாய்விட்டு எண்ணினார். எதிர்ச் சுவர் வந்தபோது இருபத்து மூன்று.

இருபத்து மூன்று என்றால் நோய். புத்தகத்தைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

திரும்ப முதலிலிருந்து நடந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டு நல்ல எண். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நெல் அளவு இடைவெளி விட்டிருந்தால் இருபத்திரண்டில் முடிந்திருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் விடவில்லை. முன்னைவிட நெருக்கமாக வைத்தார். இருபத்து மூன்று.

“செருப்பைப் போட்டுக்கினு நட, சரியாப் பூடும்” என்றார் சாயபு.

“செருப்பா குடியிருக்கப் போவுது?”

நைனா என் காலைப் பார்த்தார்.

“நீ நட.”

“எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, நைனா.”

“உன் நம்பிக்கையை யார்டா கேட்டா? காலைக் குடு.”

நடந்தேன். தரை குளிர்ந்திருந்தது. அவர் என் பக்கத்திலேயே குனிந்து வந்து, விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே பார்த்துக்கொண்டு எண்ணினார். பதினெட்டு. பத்தொன்பது. கடைசியில் சுவருக்கும் என் விரலுக்கும் நடுவே சரியாக ஒரு பாதத்துக்கு இடம் இருந்தது. வைத்தேன். இருபது. குறுக்கே நடக்கச் சொன்னார். பதினாறு. இரண்டும் செல்வம் கொழிக்கும் எண்கள்.

“அடி சக்கை! ராஜா காலு!” என்று சாயபு என் முதுகில் தட்டினார். “முடிஞ்சு போச்சு, மொதலியாரே.”

நைனா புத்தகத்தைப் பையில் வைத்தார். நிதானமாக வைத்தார். “அப்போ இவன் பேர்ல எழுதிடலாம்” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சொன்னேன்: “பத்திரம் உங்க பேர்ல இருக்கட்டும். கால் என்னுதா இருந்தா என்ன?”

“கால் ஒருத்தனுது, வீடு ஒருத்தனுதா? அதுக்குப் பேரு வாடகை வீடுடா.”

தர்க்கம் எனக்குப் பாடமாக இருந்தது. அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றேன். “எப்போ?” என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு, பதினெட்டு மைல், பத்தணா. பஸ் நேரத்துக்குப் புறப்படாது. ஆள் நிறைந்தால் புறப்படும். செங்கற்பட்டிலிருந்து எழும்பூருக்கு ரயில், மூன்றாம் வகுப்பு பதினோரு அணா, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நைனா ஜன்னல் ஓரம். வழி முழுக்கத் தூங்கினார், அல்லது கண்ணை மூடியிருந்தார்.

பத்து நாள் கழித்துப் பத்திரம் பதிவாயிற்று. குமாஸ்தா படித்துக் காட்டினான். வாங்குகிறவர் இடத்தில் என் பெயர். அதற்கு முன்னால் இன்னாரின் குமாரன் என்று நைனாவின் பெயர். அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகும்போது தோணி, வரும்போது பஸ்ஸும் ரயிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தோணி என்றால் உடம்பு தாங்காது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். குடிநீர் தோணியில் கிடைக்கும், நம்பிக் குடிக்கலாம். கல்லறைகளைக் காலை வெயிலில் பாருங்கள்; சாய்ந்த வெளிச்சத்தில்தான் செதுக்கல் எடுப்பாகத் தெரிகிறது. வீடு வாங்கப் போகிறவர்கள் கோடையில் போய்க் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். சாஸ்திரம் பார்க்கிற பெரியவர் கூட வந்தால், யாருடைய கால் என்பதைப் புறப்படும் முன் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை.

பங்குனியில் சாமான்களோடு நைனாவைக் கொண்டுபோய் விட்டேன். அதே ஏழுமலையின் தோணி. சாமான் அதிகம் இல்லை. அரை மணியில் இறக்கி வைத்தாகிவிட்டது. நான் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன். நைனா அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்குச் சுவர் முன் நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?”

குரலில் குத்தல் இல்லை. கேலியும் இல்லை. ஒன்பது வீட்டுக்காரர்களிடம் கேட்ட அதே குரல்.

“அடிச்சுக்கோங்க நைனா” என்றேன். உங்க வீடு என்று சொல்லியிருக்கலாம். அது பிறகுதான் தோன்றியது. அனுமதி கொடுப்பது அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்திருந்தது.

அவர் தகர டப்பாவைத் திறந்து, விரலால் துழாவி, இருந்ததிலேயே சிறிய ஆணியை எடுத்தார்.