எல்லாருக்கும் பொருந்துகிற சேலை

சேலை எல்லாருக்கும் பொருந்தும் என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். தைத்த துணி என்றால் டெய்லர் நாடா பிடிக்க வேண்டும், அளவு சொல்ல வேண்டும். சேலைக்கு அந்த வம்பே இல்லை, ஒல்லியானவளும் குண்டானவளும் அதே துணியைச் சுற்றிக்கொள்ளலாம் என்பார்கள். சுற்றிக்கொள்ளலாம், உண்மைதான். சுற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்றுதான் என் ஊரே பேசியது.

நான் குட்டை. கூடவே பருமன். திருவாடானைப் பக்கம் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் எல்லாரும் கஞ்சியைக் குடித்துவிட்டு எலும்பும் தோலுமாக அலைந்தார்கள். நான் மட்டும் எதைத் தின்று இப்படி ஆனேன் என்று எனக்கே விளங்கவில்லை. தங்கையும் நானும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம். அவள் முருங்கைக்காய் மாதிரி வளர்ந்தாள். எனக்குச் சோற்றைக் குறைத்துப் பார்த்தார்கள், களையெடுக்கக் கூடுதலாக அனுப்பிப் பார்த்தார்கள். உடம்பு அசையவில்லை.

வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீராகத் தாவணி கொண்டுவந்தார். சடங்குக்கு வந்த பெண்கள் அதை எனக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றி, தோளில் போட்டு, இடுப்பில் சொருக வரும்போது துணி பத்தவில்லை. ஒருத்தி இழுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி என்னைத் திருப்பி நிறுத்தி இழுத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவர்களுக்கு. அன்று முதல் அம்மா என் ஒவ்வொரு தாவணியிலும், உள்ளே மறைகிற பக்கமாகப் பழைய சேலைத் துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டுத் தைத்துத் தருவாள். பள்ளிக்கூடத்தில் அந்த ஒட்டு வெளியே வந்துவிடுமோ என்ற பயத்திலேயே எனக்குக் கணக்கும் வரலாறும் ஏறாமல் போயின.

கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் பரமக்குடியிலிருந்து சின்னம்மா வந்துவிட்டாள். துணி விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் டாக்டர். பெரிய பூப் போட்ட சேலை எனக்கு ஆகாது. கட்டம் கூடவே கூடாது. மேலிருந்து கீழே கோடு ஓடினால் உயரமாகக் காட்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை ஒல்லிகளுக்கு. நான் கட்டினால் வைக்கோல் படப்பு. உடம்போடு படிகிற நைலக்ஸ்தான் எனக்கு. ஆனால் படிந்தால் வயிறு தெரியும். கறுப்பு கட்டினால் மெலிந்து தெரியலாம், ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன் கறுப்பு கட்டி நிற்க முடியுமா? ஆக, எனக்குப் பொருந்துகிற ஒரே நிறம் நல்ல காரியத்துக்கு ஆகாத நிறம். கடைசியில் அரக்கு நிறத்தில் கோடு போட்ட, சின்னக் கரை வைத்த நைலக்ஸ் என்று முடிவானது. அதைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் காப்பி கொடுத்தேன். காப்பி நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அப்புறம் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து ஓர் இடம் வந்தது. நிலம் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை விவசாயத்தையும் பார்த்துக்கொண்டு கூட்டுறவுக் கடையில் வேலையும் பார்த்தார். ஜாதகம் நன்றாகப் பொருந்தியது. என் போட்டோவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர் என் முன்னால் ஒரு பெரிய பூச்சாடியை வைத்து எடுத்த போட்டோ அது. சாடிக்கு மேலே என் முகமும் தோளும் மட்டும் தெரியும். முகத்துக்கு என்ன குறை, நல்ல முகம்தான்.

பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம், இராமேஸ்வரம் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். எங்கள் பக்கம் அப்படி உண்டு. பிடிக்காவிட்டாலும் ஊருக்குத் தெரியாது, சாமி கும்பிட வந்த மாதிரி அவரவர் வழியில் போய்விடலாம். அய்யாவுக்கு அது கௌரவமான யோசனையாகப் பட்டது. ஆட்கள் வீட்டுக்கு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனதில் அவருக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை.

அன்று காலை அம்மா புதிதாக ஒன்று செய்தாள். அய்யாவின் நீளமான பருத்தித் துண்டை எடுத்து, பாவாடைக்கு உள்ளே என் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அதன் மேல் பாவாடை, அதன் மேல் அரக்குச் சேலை. சின்னம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் இடுப்புன்னு ஒண்ணு தெரியுது" என்றாள். நானும் கண்ணாடியில் பார்த்தேன். தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் வரவில்லை. ரயிலில் போனோம், அய்யாவும் அம்மாவும் நானும். துண்டின் இறுக்கத்தில் என்னால் உட்கார முடியவில்லை. வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலத்தில் கடல்காற்று அடித்தபோது அம்மா எழுந்து வந்து என் மடிப்புகளைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

கோவில் பிரகாரத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அவர் ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி நின்றார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்தார், உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுவரை வந்தவர்களில் யாரையும் எனக்குப் பிடித்ததா என்று நான் யோசித்ததே இல்லை, அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலையாக இருந்தது. இவரோடு போய்விட வேண்டும் என்று அந்த இடத்திலேயே மனசு கேட்டது.

அவருடைய அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நல்லபடியாகப் பேசினார். பிறகு சொன்னார்:

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுத் தீர்த்தமாடாமப் போனா நல்லாவா இருக்கும் மதினி? வாங்க, எல்லாருமாப் போய்க் குளிச்சுட்டு வந்துருவோம்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "மாத்துச் சேலை கொண்டாரலயே மதினி."

"எங்கிட்ட ரெண்டு இருக்கு. பொண்ணுக்கு ஒண்ணு குடுக்கிறேன். வாங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இராமேஸ்வரத்தில் ஒரு பெண் தீர்த்தமாட மறுத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும், அந்தக் காரணம் இருந்தால் அவள் கோவிலுக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. காய்ச்சல் என்று சொல்லலாம். நோய்க்காரப் பெண் என்று ஆகிவிடும். அம்மா அய்யாவைப் பார்த்தாள். அய்யாவுக்கு என் வயிற்றில் தன் துண்டு இருப்பதே தெரியாது. "புண்ணியந்தானே, போயிட்டு வாங்க" என்றார்.

முதலில் கடலில் முங்கி எழுந்தோம். நைலக்ஸ் நனைந்தால் என்ன ஆகும் என்று சின்னம்மா சொல்லித் தரவில்லை. சேலை தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. கோடு, கரை, மடிப்பு எதுவும் மிச்சமில்லை, நான்தான் இருந்தேன். அந்தக் கோலத்தில் மறுபடி கோவிலுக்குள் போய், ஒவ்வொரு கிணறாக வரிசையில் நிற்க வேண்டும். கிணற்றுச் சுவரின் மேல் நிற்கிற ஆள் வாளியில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றுவார். இருபத்திரண்டு தீர்த்தம். எனக்கு முன்னால் அவருடைய அம்மா, பின்னால் என் அம்மா. அவரும் அய்யாவும் சற்றுத் தள்ளி வந்தார்கள்.

துண்டு தண்ணீரைக் குடித்துக் கனத்தது. முடிச்சு இளகுவது எனக்குத் தெரிந்தது. கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பாதிக் கிணறுகளைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம், ஒரு வாளித் தண்ணீர் வேகமாக விழுந்ததில் முடிச்சு விட்டுப் போயிற்று. துண்டு தொடை வழியாக நழுவி இறங்கி, அதன் ஒரு முனை என் காலுக்கு நடுவே ஈரத் தரையில் வந்து கிடந்தது. நான் ஓர் அடி வைத்தேன், அது கூடவே இழுபட்டு வந்தது.

அவருடைய அம்மா திரும்பிப் பார்த்தார். குனிந்தார். அந்த முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். முழுத் துண்டும் சேலைக்கு அடியிலிருந்து வந்தது. அதைப் பிழிந்து, நாலாக மடித்து, என் அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தாங்க மதினி, துண்டு விழுந்துருச்சு."

அவர் சிரிக்கவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. சிரித்திருந்தால் இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்மணியைத் திட்டியாவது ஆறியிருப்பேன். நான் அவர் பக்கம், மாப்பிள்ளை பக்கம் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு தூணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூணில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

இதற்குப் பிறகும் மீதிக் கிணறுகள் இருந்தன. பாதியில் விட்டுப் போகக் கூடாதாம். எல்லாவற்றிலும் குளித்தேன். எந்தத் தீர்த்தத்துக்கு எந்தப் பாவம் போகும் என்று பக்கத்தில் யாரோ யாருக்கோ விளக்கிக்கொண்டே வந்தார்கள். என் உடம்பு எந்தப் பாவத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை.

"ஜாதகத்தை இன்னோர் இடத்தில் பார்த்தோம், பொருந்தவில்லை" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் வந்து வரன் பேசினாலும் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எனக்குச் சேலை எடுத்து வைப்பதையும் நிறுத்திவிட்டாள். என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்குத் தொண்டியில் பால்வாடி வேலை கிடைத்தது. குழந்தைகளுக்குச் சத்துமாவு கிண்டிக் கொடுத்து, மாசாமாசம் அவர்களைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். எடை கூடிய பிள்ளையின் தாய் சந்தோஷப்படுவாள். பெண் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பாள். எந்த வயசில் அந்தச் சந்தோஷம் நிற்கிறது என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.

தங்கைக்கு வரன் வந்தபோது நான் லீவில் ஊரில்தான் இருந்தேன். அவர்கள் வருவதற்கு முன்னால் என்னைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சின்னம்மாதான் வந்து சொன்னாள்: "கோவிச்சுக்காதத்தா. ஒன்னயப் பாத்தா, இவளும் ஒரு பிள்ளை பெத்தா இப்படித்தான் ஆவான்னு நெனைப்பாக." சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவள் எங்கே என்று யாரோ கேட்டார்கள். "தொண்டியில வேலை பாக்குறா, லீவு கெடைக்கல" என்றார் அய்யா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. யாரும் அதை யோசிக்கவில்லை.

தங்கைக்குப் பெண் பிறந்தது. வளர வளர அவள் என்னைப் போலவே ஆனாள். அதே குட்டை, அதே இடுப்பு, நல்ல முகம். இராமநாதபுரத்தில் கல்லூரிக்குச் சுடிதாரில் போனாள். அவளை யாராவது ஏதாவது சொன்னால் திருப்பிக் கொடுக்கிற வாய் இருந்தது. என் வீட்டுக்கு வந்தால் என் நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, "பெரியம்மா, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்" என்று சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சொல்லலாம் என்பதே எனக்கு அவளிடம்தான் தெரிந்தது. காலம் மாறிவிட்டது, இவள் தப்பித்துவிடுவாள் என்று நம்பினேன்.

படிப்பு முடிந்த வருஷம் தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு தொண்டிக்கு வந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள், சேலைதான் கட்ட வேண்டுமாம். நான் நாலு சேலையை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். மகள் உள் அறையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பெட்டியில் ஒரு நல்ல சேலை இருந்தது, அதைக் காட்டி, "வெள்ளிக்கிழமைக்கு நான் இதைக் கட்டிக்கிட்டு வாரேன்" என்றேன்.

தங்கை சேலையைப் பார்க்கவில்லை. "அக்கா, நீ தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள். "அவுக ஒன்னயப் பாத்தா..."

"நாளைக்கு இவளும் இப்படித்தான்னு நெனைப்பாக" என்று நானே முடித்துவைத்தேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "லீவு கெடைக்கலன்னு சொல்லிக்க" என்றேன்.

கதவு திறந்து மகள் வெளியே வந்தாள். பச்சைச் சேலை. நாங்கள் பேசியது கேட்டிருக்கும், கேட்காத மாதிரி நின்றாள்.

"பெரியம்மா, நல்லாருக்கா?"

அழகாக இருந்தாள். சத்தியமாக அழகாக இருந்தாள். "நல்லாருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடி பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள்.