உப்புத் தண்ணீர் தெளித்த வைக்கோல்

வைக்கோல் அழுத்தும் அந்தப் பெட்டியை என் வீட்டுக்காரர் அலோன் பேட்டையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கியபோதே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே ஏறி இறங்கும் இரும்புத் தகடு, பக்கத்தில் வண்டி ஏர்க்கால் நீளத்துக்கு ஒரு நெம்புகோல். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் கட்டிய பெட்டியாம். கிடங்கு ஒன்றின் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடந்ததை, எங்களிடம் பால் வாங்கும் கிடங்குக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எங்கள் தமிழ் ஜனமெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, ஊர் திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்த காலம் அது. இவர் மட்டும் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில் நாங்கள் மாடு வைத்துப் பிழைத்தோம். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் தெருவில் வீடு வீடாகக் காலியானது. நாமும் போய்விடலாம் என்றுதான் எனக்கு. நினைத்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. சோறு போடும்போதும் சாணி அள்ளும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரிடம் ஒரே பதில்தான்.

"மாட்டக் கப்பல்ல ஏத்த விடுவானா? விட்டாச் சொல்லு, நாளைக்கே போவோம்."

க்யிம்யிண்டைங் துறைக்குப் படகில் வரும் வைக்கோல் மழை பிடித்தால் நின்றுவிடும். முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிமனையில் போர் போட்டுவைப்போம். அந்த மனையில் இப்போது வீடு எழும்பிவிட்டது. மிச்சம் கொட்டகையின் பின்பக்கம்தான். மழைக்காலம் முழுவதற்குமான தீவனம் அதற்குள் அடங்கவேண்டுமானால் அழுத்திக் கட்டியே ஆகவேண்டும். அடங்காவிட்டால் மாட்டை விற்கவேண்டும், மாட்டை விற்றால் கப்பல். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, செங்கல் தூள் போட்டுத் துரு தேய்த்தார். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் பழைய படகின் தேக்குப் பலகைகளைப் பொருத்தினார். நெம்புகோல் எகிறாமல் பிடித்து நிறுத்தும் இரும்புப் பல் தேய்ந்துபோயிருந்தது. அதைப் பட்டறையில் புதிதாக அடித்து வாங்கி மாட்டினார். எனக்கு அந்தப் பல்லின்மேல்தான் சந்தேகம். முதல் தடவை அழுத்தும்போதே அது வழுக்கி, நெம்புகோல் விர்ரென்று மேலே போய் ஓலைக் கூரையைக் கிழித்தது. அவர் முகத்தை உரசாத குறைதான். செத்தாலும் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் பக்கத்து வீட்டு பர்மாக்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் நெம்புகோலில் தொங்குவார்கள். நான் எட்ட நின்று, "பாத்து, பாத்து" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

"அமா கத்துறதுலதான் வைக்கோல் அமுங்குது" என்று பர்மாக்காரர் கேலி செய்வார். அவர்கள் பேச்சில் அமா என்றால் அக்கா.

எங்கள் ஆட்கள் வைக்கோலை மாட்டுக்கு உதறிப் போடும்போது உப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்தால் மாடு ஒரு துரும்பு மிச்சம் வைக்காது. மழைக்காலத்தில் தினமும் அதற்கெல்லாம் நேரம் ஏது என்று, இவர் பெட்டிக்குள் திணிக்கும்போதே தெளித்து அழுத்திக் கம்பி கட்டிவிட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாங்கள் போர் போட்டுப் பழகியவர்கள். காற்றுப் போக வழியில்லாமல் அமுங்கிய ஈரம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? கட்டுகள் கூரை முட்ட ஏறின.

முதல் மழை பெய்த அன்று மத்தியானம் கொட்டகைக்குள் போனேன். பாகு அடிபிடித்த மாதிரி ஒரு வாசனை. கன்றுக்குட்டி கட்டுகளில் முதுகைச் சாய்த்துச் சுகமாகப் படுத்திருந்தது. எனக்கு அந்தச் சுகம் பிடிக்கவில்லை. இரண்டு கட்டுகளுக்கு நடுவே கையை விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் சுட்டது. அமுக்கிய ஈரம் உள்ளேயே புழுங்கித் தீயாகிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்க மரமும் ஓலையும்தான். தீப்பிடித்தால் கூரையை இழுத்துப் போடக் கொக்கி, அணைக்க மணல் மூட்டை எல்லாம் வீட்டுக்கு வீடு வாசலில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தக் கொக்கி என் கண்முன் வந்து நின்றது. இந்த வைக்கோல் போனால் கப்பல்தான் என்றும் மனசு ஒரு ஓரத்தில் சொன்னது. அது சொல்லி முடிப்பதற்குள் நான் அவரைக் கூவி அழைத்துவிட்டேன்.

ஓடிவந்தவர் கத்தியை எடுத்தார்.

"இங்க அறுக்காதீங்க, காத்துப் பட்டாப் பத்திக்கும். வெளிய இழுங்க" என்றேன். உமியடுப்பைக் கிளறினால் என்ன ஆகும் என்று தினமும் பார்ப்பவள் நான்.

மாடுகளை அவிழ்த்துத் தெருவுக்கு விரட்டினோம். பிறகு சுட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக மழைக்குள் இழுத்துப் போட்டோம். கம்பியை அறுத்ததும் குபீரென்று ஆவி கிளம்பியது. சிலவற்றின் நடுப்பாகம் புகையிலை நிறத்தில் இருந்தது. ஒன்று கரியாகவே போயிருந்தது.

அவர் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீதான கப்பலு கப்பலுன்னு இருந்த. பேசாம இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்ல?"

"மாடு கட்டியிருந்துச்சுல்ல" என்றேன். அழுதுகொண்டே மாடுகளைப் பிடிக்கத் தெருவுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து வெயில் அடித்தது. கெட்டதைக் கழித்துவிட்டு மற்றதைத் தெருவெல்லாம் பரப்பி, மொறமொறவென்று காயும்வரை புரட்டினோம். மேற்கே மறுபடியும் மேகம் கூடத் தொடங்கியது. பர்மாக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நெம்புகோலுக்கு இன்னோர் ஆள் வேண்டும். இவர் என்னைக் கூப்பிடவில்லை. பெட்டி நிறைய வைக்கோலைத் திணித்துவிட்டு, பக்கத்தில் சும்மா நின்றார்.

உப்புத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன். இரும்புப் பல்லைக் குனிந்து பார்த்தேன். அதன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நெம்புகோலின் முனையை இரண்டு கையாலும் பிடித்து, கால் தரையைவிட்டு எழும்பத் தொங்கினேன்.