கோந்து அத்தையின் பெயர்

என் அத்தையின் பெயருக்கு நான் ஒருமுறை வேண்டுமென்றே தப்பாக அர்த்தம் சொன்னேன். எழுபது வயது தாண்டியும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பேல் பகுதியில் இன்றிருக்கும் தமிழ்க் கடைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவின் வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்து, கார் து நோர் ரயில் நிலையத்தின் சத்தம் கேட்கும் ஐந்தாம் மாடி வீட்டில் இருந்தோம். பள்ளி ஆசிரியை ஒரு வாரத்துக்கு எனக்குப் பெயர் அகராதி ஒன்றை இரவல் தந்திருந்தார். அதைத் திறந்ததிலிருந்து தெருவே வேறாகிவிட்டது.

பிரெஞ்சுப் பெண்களின் பெயர்கள் பலவும் பழைய ஜெர்மானியக் குலங்களிலிருந்து வந்தவை என்று அதில் இருந்தது. இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஒரு பெயர். எங்கள் கட்டடத்தின் படி துடைக்கும் காவல்காரம்மா மத்தில்த்: வலிமை, போர். ரொட்டிக்கடைக் கிழவி ஜெர்த்ரூத்: ஈட்டி, வலிமை. சலவைக்காரி பெர்னதெத்துக்குள் ஒரு கரடி இருந்தது. பெற்ற மகளைப் போர் என்று கூப்பிட்ட தாய்மார்கள் எப்படிப்பட்டவர்களோ! காலையில் கிழவியின் கையை அண்ணாந்து பார்த்தபடி, நீட்டிய ரொட்டியை வாங்க மறந்து நின்றிருக்கிறேன்.

அப்பாவின் தங்கையான அத்தை அந்த ஏப்ரலில்தான் தனியாகக் கப்பலேறி வந்திருந்தாள். ஞானஸ்நானப் பெயர் ராதகோந்த். புதுச்சேரியில் யார் வாயிலும் அது முழுசாக நிற்கவில்லை. எல்லோருக்கும் அவள் கோந்து. தபால் உறை ஒட்டுகிற கோந்துதான். மாமா குடித்துவிட்டு அடிப்பார், அதனால் வந்துவிட்டாள். இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மாமாவின் கடிதம் வந்தது, உடனே திரும்பி வரச் சொல்லி. உன் இஷ்டம், ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல் என்றார் அப்பா. இதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அத்தை கேட்டாள்.

"அந்தப் புத்தகத்துல என் பேர் இருக்குதாடா?"

"பாக்கணும்."

"பாரேன். சாமியார் வச்ச பேரு. என்ன அர்த்தம்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

இருந்தது. ராத் என்றால் ஆலோசனை. கோந்த் என்பதன் பழைய வடிவமான குந்த் என்றால் போர். தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தேன். அம்மாவின் பழைய கம்பளிச் சட்டைக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். படியில் காவல்காரம்மாவைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குகிறவள். அவ்வளவு பெரிய சொல் இவளுக்கு எப்படி வரும்? என் போர்ப்பெண்கள் வரிசையில் இவளைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. உண்மை அதுதான்.

"கோந்துதான் அத்தை. இங்கயும் அதேதான், ஒட்டுற பசை."

"போடா, பொய்யி."

"சத்தியமா. அச்சுல போட்டிருக்கு."

அத்தைக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி, நான் காட்டிய வரியை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அத்தையிடம் முடிவைக் கேட்டார்.

"போறேண்ணே" என்றாள்.

"நல்லா யோசிச்சியாம்மா?"

"கோந்துன்னு பேர வச்சிக்கிட்டு பிச்சிக்கிட்டு ஓட முடியுமா? ஒட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பெரியவர்கள் மேசையில் என் பொய் எடுபட்டதில் அவ்வளவு பெருமை.

அத்தை மர்செய் துறைமுகத்தில் கப்பலேறினாள். மூன்றாம் வருஷம் அவள் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. எப்படி என்று அப்பா கேட்டு எழுதவில்லை.

பிற்பாடு நான் பழைய ஜெர்மன் படித்தேன், அதையே பிள்ளைகளுக்குக் கற்பித்தும் ஓய்வுபெற்றேன். எத்தனையோ அகராதிகளில் குந்த் என்ற அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டேன். எல்லாம் போர் என்றே சொல்கின்றன. அடி வாங்கிய உடம்போடு தன்னந்தனியாகக் கடல் தாண்டி வந்தவள், "இங்கேயே இருக்கிறேன்" என்று அண்ணன் முன்னால் சொல்வதற்கு ஒரே ஒரு சொல்லின் துணை தேடித்தான் ஒன்பது வயதுப் பையனிடம் வந்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.